சம்பந்தி, நீங்க மொதல்ல

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் ஒரு காயும் நகரவில்லை.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சங்கத்தின் மாடி மண்டபம். மேசைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என் சம்பந்தி கஸ்தூரி அம்மாள், என் மகள் கோமதியின் மாமியார். அறுபதைத் தாண்டிய பெண்களுக்கான சதுரங்கப் போட்டி, அதில் இறுதி ஆட்டம். வெள்ளைக் காய் எனக்கு விழுந்திருந்தது. வெள்ளைதான் முதலில் நகர வேண்டும்.

"சம்பந்தி, நீங்க மொதல்ல" என்றேன்.

"அது எப்படி? உங்களுக்குத்தானே வெள்ளை. நீங்க ஆடுங்க."

"நல்லாருக்கே. பையனைப் பெத்தவங்க நீங்க. உங்களுக்கு முன்னாடி நான் கை வைக்கிறதா?"

"அதெல்லாம் கல்யாணத்தோட போச்சு சம்பந்தி."

"பரவால்ல, நீங்க ஆரம்பிங்க."

கல்யாணத்தோடு எதுவும் போகவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெண்ணைக் கொடுத்தவள் நான். பந்தியில் முதல் இலையில் உட்கார மாட்டேன். காரில் முன் சீட்டில் ஏற மாட்டேன். போனில் பேசினால் அவர் வைத்த பிறகுதான் வைப்பேன். இத்தனை வருஷம் அப்படி இருந்துவிட்டு, ஒரு மரச் சிப்பாயை அவருக்கு முன்னால் நகர்த்தி, பெண் வீட்டாருக்கு மரியாதை தெரியாது என்ற பேரை வாங்க வேண்டுமா?

அதனால் ஒரு வேலை செய்தேன். பலகையை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினேன். வெள்ளை அவர் பக்கம் போயிற்று, கறுப்பு என் பக்கம் வந்தது. கொதிக்கிற ரசக் குண்டானைத் தளும்பாமல் இறக்கிப் பழகிய கை. ஒரு சிப்பாய்கூட அசையவில்லை.

நடுவர் ஓடி வந்தார். எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், பேச்சில் பாதி கன்னடம். கழுத்தில் விசில் தொங்கியது. சதுரங்கத்துக்கு எதற்கு விசில் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"அம்மா, ஏனிது? போர்டையெல்லாம் திருப்பக் கூடாது. உங்களுக்கு ஒயிட். டைம் ஓடுது நோடி."

"சம்பந்திங்க சார்."

"இங்க சம்பந்தி இல்லம்மா. ஒயிட், பிளாக், அஷ்டே."

அவர் திருப்பி வைத்தார். ஒரு யானையும் இரண்டு சிப்பாயும் கீழே விழுந்தன.

வாயை அடைக்க வந்த பலகை

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: பேப்பர் படிக்கத் தெரியாத அம்மாவுக்குச் சதுரங்கம் எப்படித் தெரியும், தொடர் எப்படி எழுதுகிறார் என்று. நல்ல கேள்வி. நான் சொல்கிறேன், எதிர்வீட்டு டீச்சர் எழுதுகிறார். நடுநடுவே தென்றல், நிலா என்று எதையாவது செருகிவிடுவார். திரும்பப் படிக்கச் சொல்லி எடுத்துவிடுவேன். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவுக்குத் தென்றல் வந்து நான் பார்த்ததில்லை. சாக்கடை அள்ளுகிற வண்டி வரும்.

எனக்கு என் பேர் எழுத வரும். பஸ்ஸின் நெற்றியில் இருப்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அடுத்த பஸ்ஸில் போவேன்.

சதுரங்கம் என் வீட்டுக்கு வந்த கதை வேறு. அப்போது வீட்டின் முன்கூடத்தில் மெஸ் நடத்திக்கொண்டிருந்தேன். ஃபாக்டரியில் வேலை பார்க்கும் கல்யாணமாகாத ஆட்கள்தான் எல்லாரும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. அது வேக நேரமாகும். பசியோடு காத்திருக்கிற ஆம்பளைகள் அரசியல் பேசுவார்கள், அப்புறம் ஜாதி பேசுவார்கள், அப்புறம் சட்டையைப் பிடிப்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கேரம் போர்டு வாங்கிப் போட்டார். அந்தச் சத்தத்துக்குச் சண்டையே மேல். அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, சிவாஜி நகர் சந்தையில் ஒரு சதுரங்கப் பலகை வாங்கி வந்தேன். கூடம் அமைதியானது. அறிவை வளர்க்க வேண்டும் என்று நினைத்து நான் அதை வாங்கவில்லை. வாயை அடைக்கத்தான் வாங்கினேன்.

வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். குதிரை எப்படிப் போகும், மந்திரி எப்படிக் குறுக்கே ஓடும் என்பதெல்லாம் பார்க்கப் பார்க்க வந்துவிட்டது. இன்னொன்றும் பார்த்தேன். தோற்றவன் சாப்பிட உட்கார்ந்ததும் முதல் வாயிலேயே, "அக்கா, இன்னிக்குக் குழம்புல உப்பே இல்ல" என்பான். ஒருத்தன் தப்பாமல் சொல்வான். அதே குழம்பை ஜெயித்தவன் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். யார் தோற்றார்கள் என்று பார்க்க நான் கூடத்துக்கு வர வேண்டியதில்லை. அடுப்படியில் இருந்தபடியே தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தருக்கு எதிராளி வரவில்லை. "நீங்க வேணா உக்காருங்கக்கா, சும்மா டைம் பாஸ்" என்றார். உட்கார்ந்தேன். கறி வேகும் முன்னால் முடிந்துவிட்டது. அன்றைக்கு உப்பில்லை என்று சொன்னவர் அவர்தான்.

இந்த ஊரைப் பிடித்த சீக்கு

இப்போது பெங்களூரில் சதுரங்கம் ஒரு சீக்கு மாதிரிப் பரவியிருக்கிறது. தோசைக்கடைக்கு மேல்மாடியில் செஸ் கிளாஸ், பல் டாக்டருக்குப் பக்கத்தில் செஸ் கிளாஸ். பிள்ளை உள்ளே ஆட, அப்பனும் ஆத்தாளும் காரில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனை நோண்டிக்கொண்டு, அவன் அறிவாளியாகி வெளியே வரும்வரை காத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிழங்களைப் பிடித்தது இந்தச் சங்கம். பொங்கல் விழாவில் கோலப்போட்டிக்குப் பதிலாக இந்த வருஷம் மூத்தோர் சதுரங்கம் என்று அறிவித்தார்கள். பெண்கள் பிரிவில் ஒரு கைவிரலுக்குள் அடங்கும் ஆட்கள். அதில் ஒரு அம்மா தன் ஆட்டத்தின் நடுவிலேயே தூங்கிவிட்டார். அவர் விழிப்பதற்குள் கடிகாரத்தில் நேரம் தீர்ந்துவிட்டது. அப்படியாகத்தான் நானும் சம்பந்தியும் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம்.

கஸ்தூரி அம்மாள் டெலிபோன் ஆபீசில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கைபேசியில் சதுரங்கம் ஆடுவார். எதிரே ஆடுகிறவன் பிரேசிலில் இருப்பதாகச் சொல்வார். நான் அவர் வீட்டுக்குப் போகும் போதெல்லாம் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் அவரிடம் தோற்றுக்கொண்டிருப்பான். காப்பி வந்தபின்தான் தலை நிமிர்வார். "வாங்க சம்பந்தி, எப்ப வந்தீங்க" என்பார். அந்தக் காப்பியைப் போட்டதே நானாக இருக்கும்.

முதல் பரிசு ஒரு கோப்பையும் ஒரு ஹாட் பாக்ஸும். எனக்கு ஹாட் பாக்ஸ் தேவையில்லை. கோப்பையும் தேவையில்லை. கஸ்தூரி அம்மாளை ஜெயிக்க மட்டும் எனக்கு ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் டீச்சர் சிரிப்பார்.

"தோத்துடும்மா"

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கோமதி போன் செய்தாள். பொம்மசந்திராவில் மாத்திரை பேக் செய்யும் ஒரு ஃபாக்டரியில் அவளுக்கு வேலை. சாப்பாட்டு நேரம் போல, பின்னால் தட்டு கழுவும் சத்தம்.

"எம்மா, ஞாயித்துக்கிழமை பைனல்ல அத்தைகூடத்தான் ஆடறியாமே."

"ஆமா. அதுக்கென்ன?"

"தோத்துடு."

"என்னாது?"

"தோத்துடும்மா. ஒரு ஆட்டம்தானே."

வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா என்பது போலச் சொன்னாள்.

"எனக்கு லைன் சூப்பர்வைசர் வேலை குடுக்கறாங்கம்மா. ஆனா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் செகண்ட் ஷிஃப்ட்டு. கம்பெனி பஸ்ஸு வந்து எறக்கிவிட ராத்திரி பதினொண்ணு ஆயிடும். இவருக்கு ஓகேயாம். அத்தைதான் ஒத்துக்க மாட்டாங்களாம்."

"உங்க அத்தை உங்கிட்ட சொன்னாங்களா?"

"இவருதான் சொன்னாரு. நீ வாயத் தொறக்காத, அம்மா மூடு நல்லா இருக்கும்போது பக்குவமா நானே கேக்கறேன்னாரு. திங்கக்கிழமை நான் ஆபீஸ்ல பதில் சொல்லணும். இல்லன்னா எனக்கு அடுத்தாப்புல இருக்கறவளுக்குப் போயிடும். அத்தை கப்போட வீட்டுக்கு வந்தாங்கன்னா அன்னிக்கே கேட்டுடலாம்."

"நான் ஜெயிச்சா?"

"ஒரு மாசம் மூஞ்சத் தூக்கி வச்சிருப்பாங்க. அந்த மூஞ்சிக்கு முன்னாடி நான்தானே காப்பி வைக்கணும்?"

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த லைனில் நின்றுகொண்டு மாத்திரை அட்டையை அடுக்குகிறவள். கால் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும். சூப்பர்வைசர் என்றால் ஒரு நாற்காலி கிடைக்கும். மற்றவர்கள் நிற்பார்கள், இவள் நடப்பாள், உட்காருவாள். அதற்கு நான் ஒரு மர ராஜாவைச் சாய்க்க வேண்டும். சரி என்று சொன்னேன்.

அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே தோற்று எனக்குப் பழக்கமில்லை.

ஓப்பனிங்

பலகையைத் திருப்பி வைத்ததும் நடுவர் ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்தார். ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதிக்கொண்டே வர வேண்டுமாம்.

கஸ்தூரி அம்மாள் கையைத் தூக்கினார். "சார், எங்க சம்பந்திக்கு எழுத வராது. பாவம், அவங்கள விட்டுடுங்க."

டெலிபோன் லைன் சரியில்லாத காலத்தில் பழகிய குரல். கடைசி நாற்காலிவரை கேட்டது. எழுத வராது என்றது உண்மை, அதற்கு நான் கோபப்படவில்லை. பாவம் என்றாரே, அந்த ஒரு சொல்லுக்காக அவரைக் கறி வேகும் முன்னால் முடித்திருப்பேன். கோமதியின் கால் நினைவுக்கு வந்தது.

"தேங்ஸ் சம்பந்தி" என்று கும்பிட்டேன்.

சீக்கிரமாகத் தோற்க ஒரு வழி உண்டு. மெஸ்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் விழும் குழி. ராஜாவுக்கு வலப்பக்கம் மந்திரி நிற்பார். அவர் முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ள வேண்டும். அதற்கடுத்துக் குதிரையின் முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம். அவ்வளவுதான். ராஜாவின் பக்கவாட்டுக் கதவு திறந்துகொள்ளும். எதிராளி தன் ராணியைக் குறுக்கே ஒரே இழுப்பில் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் முடிந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கலாம்.

முதல் சிப்பாயைத் தள்ளினேன். அவர் தன் ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். ராணிக்கு வழி திறந்துவிட்டது. இரண்டாவது சிப்பாயைத் தள்ளினேன்.

கஸ்தூரி அம்மாள் பலகையைப் பார்த்தார். அவர் கண் அந்த ஓரக் கட்டத்துக்குப் போயிற்று. என்னைப் பார்த்தார். மறுபடி கட்டத்தைப் பார்த்தார். கை ராணியின் தலைக்கு மேலே வந்து நின்றது. நான் எழுந்திருக்கத் தயாராகப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டேன்.

கை நகர்ந்தது. மூலையில் கிடந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டு, கடிகாரத்தைத் தட்டினார்.

பிரேசில்காரனைக் கட்டிப்போடுகிறவருக்கு இது தெரியாமலா போகும்? வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்தேன். நினைக்கச் சுகமாகவும் இருந்தது. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பலகையின் மறுகோடியில் ஒன்றுக்கும் உதவாத சிப்பாயை நகர்த்தி, இன்னொரு வாய்ப்புக் கொடுத்தேன். அவர் ஒரு குதிரையை வெளியே எடுத்தார். அடுத்த முறை அதே குதிரையை அதே இடத்தில் திரும்பக் கொண்டுபோய்க் கட்டினார்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கிறவர்கள் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர், பக்கத்தில் இருந்தவருக்குக் கிசுகிசுப்பாகப் பாடம் எடுத்தார்.

"இது ரொம்ப டீப்பான ஓப்பனிங். ஐரோப்பாவுல ஆடுவாங்க. வேணும்னே வாசலைத் தொறந்து வச்சு, உள்ள வரவழைச்சு அடிக்கிறது."

"அப்ப அந்த அம்மா ஏன் உள்ள போகல?"

"போனா மாட்டிக்குவாங்க. அவங்களும் விஷயம் தெரிஞ்சவங்க. பாருங்க, குதிரையை எப்படி ரிசர்வுக்குத் திருப்பிக் கொண்டுபோனாங்க."

போனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தார். அந்தப் படத்தை யார் யாருக்கு அனுப்பினாரோ, எத்தனை வீட்டில் உட்கார்ந்து யோசித்தார்களோ.

கோணலாக நின்ற ராணி

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை இவர் அவர் கையில் திணிக்க, அவர் இவர் கையில் திணிப்பார்களே, அதுதான். நான் ஒரு குதிரையை அவர் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைத்தேன். அவர் பார்க்கவில்லை. அவர் யானையை என் மந்திரிக்கு நேராக நிறுத்தினார். நான் பார்க்கவில்லை. எஞ்சினியர் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பிறகு கஸ்தூரி அம்மாள் தன் ராணியையே தூக்கி வந்து, என் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் வைத்தார். வைத்ததையும் சரியாக வைக்கவில்லை. பாதி கோட்டின் மேல், கோணலாக.

நான் வேறு காயைத்தான் எடுக்கப் போனேன். ஆனால் அந்தக் கோணல் கண்ணை உறுத்தியது. ஆயுசு முழுக்க வரிசையாக இலை போட்டவள் நான். ஒரு இலை கோணினால் கை தானாகப் போய்விடும். போய்விட்டது. ராணியை எடுத்துக் கட்டத்தின் நடுவில் நேராக நிறுத்தினேன்.

"தொட்டுட்டீங்க" என்றார் கஸ்தூரி அம்மாள்.

"நேரா வச்சேன் சம்பந்தி."

"தொட்டா வெட்டணும். சார், இங்க வாங்க."

நடுவர் வந்தார். "டச் மூவ் அம்மா. தொட்ட காயை வெட்டித்தான் ஆகணும்."

வெட்டினேன். அடுத்தவர் வீட்டு ராணியை மேசையில் கிடத்த மனம் வராமல், இரண்டு கையாலும் அவரிடமே நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு சிரித்தார்.

நிச்சயதார்த்தத்தன்றுகூட அவர் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. முகம் முழுக்க மலர்ந்த சிரிப்பு. ராணியைப் பறிகொடுத்தவள் எதற்காக அப்படிச் சிரிப்பாள்? தோற்கப் பார்க்கிறவள்தான் சிரிப்பாள்.

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் ஒருவர் விட்டுக்கொடுத்துத் தோற்பதா? என்னை என்ன நினைத்துவிட்டார்? அதுவரை நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்பது அந்தக் கோபத்தில் நினைவுக்கு வரவில்லை.

விசில்

தலை நிமிராமல், உதடு அசையாமல் கேட்டேன்.

"எதுக்கு எங்கிட்ட தோக்கப் பாக்கறீங்க?"

அவரும் தலை நிமிரவில்லை. "நீங்க எதுக்கு எடுத்த எடுப்புல ராஜாவைத் தொறந்து போட்டீங்க?"

"நான்தான் மொதல்ல கேட்டேன்."

"எல்லாத்துலயும் என்னைத்தானே மொதல்ல போகச் சொல்லுவீங்க. இன்னிக்கு நீங்க சொல்லுங்க."

"அம்மா, மாத்தாடபேடி, பேசக் கூடாது" என்றார் நடுவர். "ஃபர்ஸ்ட் வார்னிங்."

ஒரு சிப்பாயை நகர்த்துவது போல் குனிந்தேன். "என் மக சொன்னா. நீங்க ஜெயிச்சா மனசு குளிருமாம். செகண்ட் ஷிஃப்ட்டுக்குச் சரின்னு சொல்லிடுவீங்களாம்."

"எந்த செகண்ட் ஷிஃப்ட்டு?" டெலிபோன் ஆபீஸ் குரல் வந்துவிட்டது.

"செகண்ட் வார்னிங் அம்மா. ரெண்டு பேருக்கும். இன்னொரு தடவை பேசினா அவ்வளவுதான்."

நடுவர் அடுத்த மேசைக்குப் போகும்வரை இருவரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சூப்பர்வைசர் வேலையாம்" என்றேன். "நீங்கதான் ஒத்துக்க மாட்டேன்னீங்களாமே."

"நானா? என்னை யாரு கேட்டா? கம்பெனியில ஏதோ புது வேலைய எடுத்துக்கச் சொல்லி கோமதியத் தொந்தரவு பண்றாங்க, அவளுக்கே இஷ்டமில்லன்னு பிரபாகர் சொன்னான். நைட் டியூட்டி பாத்துத்தான் சம்பந்தி அவனை வளத்தேன். நான் எப்படி வேணாம்பேன்?"

பிரபாகர் என் மாப்பிள்ளை. கம்ப்யூட்டர் வேலை. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மாமியாரிடம் மரியாதை தெரிந்த பிள்ளை என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"சரி, உங்களை யாரு தோக்கச் சொன்னது?"

கஸ்தூரி அம்மாள் கையில் இருந்த ராணியைத் திருகிக்கொண்டே இருந்தார். "அவன்தான். உங்க ஆஸ்டின் டவுன் வீட்டை ஒரு பில்டர் கேக்கறானாம். ஹெப்பால் பக்கம் ஃப்ளாட்டு பாத்து வச்சிருக்கான். அத்தை ஜெயிச்ச சந்தோஷத்துல இருக்கும்போது பேசினா கையெழுத்துப் போட்டுடுவாங்கன்னான். கோமதிக்குக்கூட இன்னும் தெரியாது. சர்ப்ரைஸாம்."

எனக்குப் படிக்க வராது, கையெழுத்துப் போட வரும். மாப்பிள்ளைக்கு அது மட்டும் போதுமாக இருந்திருக்கிறது. ஹெப்பால் ஊரின் ஒரு கோடி, பொம்மசந்திரா மறுகோடி. அங்கே குடிபோனால் கோமதி எந்த ஷிஃப்ட்டுக்கும் போக முடியாது. நான் இன்னும் அந்த வீட்டில்தான் உயிரோடு குடியிருக்கிறேன் என்பது கணக்கிலேயே இல்லை.

"ஒரு ஹாட் பாக்ஸு கெடைச்சா நான் வீட்டைத் தூக்கிக் குடுத்துடுவேன்னு நெனச்சாரா உங்க புள்ள?" என்றேன்.

"அதே ஹாட் பாக்ஸுக்கு நான் பல்லக் காட்டுவேன்னு நெனச்சாளே உங்க மக" என்றார் அவர்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். யார் முதலில் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு. சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. மேசை ஆடியது. அவர் ராஜா உருண்டது, என் ராஜா அதன் மேல் விழுந்தது. பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர் தன் காயைக் கீழே போட்டார்.

அப்போதுதான் நடுவர் விசிலை ஊதினார்.

தீர்ப்பை நின்றுகொண்டு கேட்டோம். பேசக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லியும் பேசியதால், இரண்டு பேருக்கும் தோல்வி. ஜெயித்தவர் யாருமில்லை. கோப்பையும் ஹாட் பாக்ஸும் ஆட்டத்தின் நடுவில் தூங்கிய அம்மாவுக்குப் போயின. அவரை எழுப்பிக் கொடுத்தார்கள்.

எஞ்சினியருக்குத்தான் தாங்கவில்லை. "எப்பேர்ப்பட்ட பொசிஷன், கெடுத்துட்டீங்களேம்மா" என்றார்.

"நாங்க ஆரம்பத்துலருந்து அதுக்குத்தான் சார் பாடுபட்டோம்" என்றார் கஸ்தூரி அம்மாள்.

இரண்டு தோல்வி

வாசலில் ஆட்டோ நின்றது. கஸ்தூரி அம்மாள் ஒதுங்கி நின்றார்.

"நீங்க மொதல்ல ஏறுங்க" என்றார்.

ஏறினேன்.

அவர் வீட்டுக் கதவை மாப்பிள்ளைதான் திறந்தார். கையில் ஸ்வீட் பெட்டி. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"நீ சொன்னபடியே தோத்துட்டேன்பா" என்றார் அவர் அம்மா.

மாப்பிள்ளை முகத்தில் விளக்கு எரிந்தது. பெட்டியை என் பக்கம் நீட்டினார். "வாழ்த்துக்கள் அத்தை. உக்காருங்க, உக்காருங்க. உங்ககிட்ட ஒரு நல்ல விஷயம் பேசணும்."

"நானும் தோத்துட்டேன் மாப்பிள்ளை" என்றேன். "உங்க வீட்டுக்காரி தோக்கச் சொன்னா."

"அது எப்படி ரெண்டு பேரும் தோக்க முடியும்? செஸ்ல அப்படிக் கெடையாதே அத்தை."

போனை எடுத்துச் சட்டம் தேட ஆரம்பித்தார். அவர் தேடிக்கொண்டிருக்கும்போது கோமதி அடுப்படியில் இருந்து வந்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்தபடி எங்களைப் பார்த்தாள்.

"கோமதி" என்றார் கஸ்தூரி அம்மாள். "நாளைக்கு ஆபீஸ்ல சரின்னு சொல்லிடு."

"எதுக்கு அத்தை?"

"சூப்பர்வைசருக்குத்தான். இதை எங்கிட்ட நேரா கேட்டா நான் கடிச்சா தின்னுடுவேன்?"

கோமதி புருஷனைப் பார்த்தாள். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் என் பங்குக்குக் கேட்டேன். "மாப்பிள்ளை, அந்த ஹெப்பால் ஃப்ளாட்டுல என் கிரைண்டர் வைக்க எடம் இருக்குமா?"

"எந்த ஃப்ளாட்டு?" என்றாள் கோமதி.

அவர் பதில் சொல்லத் தொடங்கும்போது நானும் சம்பந்தியும் ஸ்வீட் பெட்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டோம். மைசூர்பாகு. நன்றாகவே இருந்தது. உள்ளேயிருந்து கோமதியின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"சொன்னதைச் செஞ்சுட்டோம், இல்ல?" என்றார் கஸ்தூரி அம்மாள்.

"ஆமா. பசங்க கேட்டு நாம எதை இல்லன்னோம்?"

இப்போது கோமதிக்கு நாற்காலி வந்துவிட்டது. ஆஸ்டின் டவுன் வீடு அங்கேயேதான் இருக்கிறது, நானும் அங்கேயேதான் இருக்கிறேன். செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் அவர்களுடைய அல்சூர் வீட்டில் இரவுச் சமையல் மாப்பிள்ளை. கைபேசியில் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறார். கை பழகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை என் அடுப்படிக்கும் வரச் சொல்லியிருக்கிறேன். கூடவே கஸ்தூரி அம்மாளும் வருகிறார். முன்கூடத்தில் பழைய பலகையை விரித்து உட்காருகிறோம். கடிகாரம் கிடையாது, விசில் கிடையாது, விட்டுக்கொடுப்பதும் கிடையாது. வெள்ளை யாருக்கு விழுகிறதோ அவர் பேசாமல் ஆரம்பித்துவிடுவார்.

போன ஞாயிறு மாப்பிள்ளை கறிக்குழம்பு வைத்திருந்தார். ஆட்டத்தை முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். கஸ்தூரி அம்மாள் முதல் வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னடா பிரபாகர், குழம்புல உப்பே இல்ல."

மாப்பிள்ளை பதறிப்போய் என்னைப் பார்த்தார். நான் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.